தலைக்குப் பின்னால் ஒரு கட்டம்

ஜெயசீலன் வாத்தியாருக்குப் பலகை விற்கிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழக்கரை சுஐபு மரைக்காயனுக்கும் கிரேக்கச் சாமி படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பின்னால் யாரும் மடக்கக் கூடாது பாருங்கள். எங்கள் மார்க்கத்தில் உருவப்படம் ஆகாது. ஆனால் உருவம் எழுதுகிறவனுக்குப் பலகை விற்கக் கூடாது என்று எந்த ஆலிமும் எனக்குச் சொன்னதில்லை. என் மனைவி ஹாலிதா சொல்லியிருக்கிறாள். அவள் ஆலிமுக்கும் மேலே.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் என் மரக்கடை. கீழே பிளைவுட், மேலே ஒரு நீளமான அறை. அந்த அறையை வாத்தியாருக்கு விட்டு வருஷம் பல ஆகிறது. தூத்துக்குடிக்காரர். சென்னையில் ஓவியக் கல்லூரி முடித்து, ஸ்காலர்ஷிப்பில் கிரேக்க நாட்டுக்குப் போய், தெசலோனிக்கியில் மடம் மடமாக உட்கார்ந்து பழைய முறையில் சாமி படம் எழுதக் கற்றவர். அதைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கினார். பிறகு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஓவிய வரலாறு சொல்லிக்கொடுக்க வந்தவர், தலை நரைத்தும் போகவில்லை.

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கும்பிட்ட, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பைசாந்தியப் படங்களில் தூரம் கிடையாது, நிழல் கிடையாது. பின்னால் வெறும் தங்கம். முகம் நம்மை நேராகப் பார்க்கும். இந்தக் காலத்து நவீன ஓவியர்களும் தூரத்தையும் நிழலையும் தூக்கி எறிந்துவிட்டுப் படத்தைத் தட்டையாக்கினார்கள். புதிதாக எங்கேயோ போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் அந்தப் பழைய வீட்டுக்குள்தான் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள் என்பது வாத்தியாரின் கட்சி. இதை நிரூபிக்க இரண்டு புத்தகம் எழுதினார். இரண்டும் என் கடையில் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

எழுதியதோடு விட்டாரா? கையாலும் செய்து காட்டினார். சர்ச்சுக்கு எழுதிக் கொடுத்தால், இது ரொம்ப மாடர்னாக இருக்கிறது, முழங்காலிட மனசு வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கேலரிக்குக் கொண்டுபோனால், சர்ச் காலண்டர் மாதிரி இருக்கிறது என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏன் வாத்தியாரே, ஒரு பக்கமா நின்னு தொலைச்சா என்ன?"

"ரெண்டும் ஒரே பக்கந்தான்வே பாய். அவனுவளுக்குத் தெரியல" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகம் சிறு பிள்ளை முகமாகிவிடும். எனக்குப் பாவமாக இருக்கும்.

போன வருஷம் அவர் கண்காட்சிக்கென்று ஒரு வேலையை ஆரம்பித்தார். பன்னிரண்டு பலகை, ஆள் உயரம். தங்கப் பின்னணியில் சாமிக்குப் பதிலாக இங்கே கட்டிடம் கட்டுகிற ஆட்கள். நேராகப் பார்க்கிற முகம், நிழல் இல்லாத உடம்பு, முட்டை மஞ்சளில் குழைத்த நிறம், எல்லாம் பழைய முறைப்படி. எனக்கு ஆட்களைத் தெரியும் என்பதால் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து லீவு நாளில் என் பிக்கப்பில் கூட்டி வருவேன். அப்படி வந்தவர்தான் சோலைமுத்து. கமுதிப் பக்கம். சாரம் கட்டுகிற வேலை. கூடவே அவர் மச்சினன் வீரபாண்டியும் வருவான். இருவரும் ஒரே ரூம், ஒரே சைட்.

சோலைமுத்து ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார் என்றால் அசையமாட்டார். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். மூன்றாவது வாரம் பலகையைத் திரும்பிப் பார்த்தவர், தன் தலைக்குப் பின்னால் வாத்தியார் நீலத்தில் ஒரு சதுரம் தீட்டியிருப்பதைக் கண்டார்.

"சார், சாமிக்கெல்லாம் வட்டமா போடுறீக. எனக்கு மட்டும் என்ன கட்டம் கட்டிட்டீக?"

வாத்தியார் தூரிகையைக் கீழே வைத்தார். பாடம் என்றால் அவருக்கு உட்கார முடியாது. "பழைய மொசைக் படங்கள்ல ஒரு முறை உண்டு சோலைமுத்து. இறந்து மேல போன புனிதர்னா தலைக்குப் பின்னால வட்டம். படம் எழுதுறப்ப உயிரோட இருக்குற ஆள்னா சதுரம். நாலு மூலை பூமி மாதிரி. நீரு பூமியிலதான் நிக்கீரு. அதனால சதுரம்."

என் பக்கம் திரும்பி இன்னொன்றும் சொன்னார். நவீன ஓவியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியதும் சதுரத்தைத்தானாம். ஒரே ஒரு நிறம் பூசிய சதுரத்தில் அவருடைய இரண்டு படிப்பும் வந்து சேர்ந்துவிட்டதாம். அன்றைக்கு அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். நீலமும் சும்மா நீலம் இல்லை, சோலைமுத்து டூட்டிக்குப் போடுகிற கவரால் உடுப்பின் நீலம்.

சோலைமுத்து உடனே போட்டிம் ஆப்பில் பெண்சாதிக்கு வீடியோ கால் போட்டார். நாகவள்ளி என்று பெயர். போனைப் படத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இந்தா பாரு, நா உசுரோட இருக்கேன்னு சாரு கட்டம் கட்டியிருக்காரு" என்றார்.

"நம்ம ஊருல கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லதானே போட்டோவுக்குக் கட்டம் கட்டுவாக?" என்று அந்தம்மா அங்கிருந்து கேட்டதும் அறையே சிரித்தது. வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு போனை வாங்கி அந்தம்மாவுக்கும் முழுப் பாடமும் நடத்தினார். வட்டம் யாருக்கு, சதுரம் யாருக்கு, எந்த ஊரில் எந்தச் சுவரில் இருக்கிறது, எல்லாம். நாகவள்ளி கடைசி வரை கேட்டாள். "அப்ப கட்டம் இருக்க வரைக்கும் எனக்குக் கவல இல்லைங்க சாரு" என்றாள்.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. லீவு நாளில் சோலைமுத்து வந்து உட்கார்ந்ததும் போன் வரும். "சாரு, கட்டம் இருக்கா?" வாத்தியார் படத்தைக் காட்டுவார். "இருக்கும்மா, இருக்கு." சோலைமுத்துவின் போனை நம்பாமல் நாகவள்ளி வாத்தியாரின் நம்பரையே வாங்கி வைத்துக்கொண்டாள்.

மே மாத நடுவில் ஒரு நாள், காலையில் கேம்ப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த சோலைமுத்து சைட்டில் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து முன்னால் இறங்கிய வீரபாண்டிதான் திரும்பி ஏறி எழுப்பப் போனான். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மாரடைப்பு என்றார்கள்.

இந்த மாதிரி விஷயத்துக்கு ஊர்க்காரர்கள் கூப்பிடுவது என்னைத்தான். போலீஸ் பேப்பர், தூதரகப் பேப்பர், எம்பாமிங், கார்கோ என்று பெட்டியை ஊருக்கு ஏற்றுகிற வரை கூட நிற்பேன். எனக்கு இது பழகிவிட்டது என்று சொன்னால் நீங்கள் என்னைக் கல்நெஞ்சன் என்பீர்கள். பழகவில்லை என்று சொன்னால் அது பொய். வீரபாண்டி என் கடை வாசலில் வந்து நின்றான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அக்காவுக்குச் சொல்லலண்ணே. மயங்கி விழுந்துட்டாக, ஐசியூவுல வச்சிருக்காக, போன் உள்ள விடமாட்டாகன்னு சொல்லியிருக்கேன். பெட்டி ஊரு போயிச் சேர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்ணே."

அதுதான் இங்கே முறை. நானே எத்தனையோ வீட்டுக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்றால், ஒரு மய்யித்துக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா? பேப்பர் எல்லாம் முடிய எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அது வரைக்கும் ஒரு பெண்பிள்ளையைத் தரையில் புரள விடுவானேன்? வீரபாண்டிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவன் அப்பா சவூதியில் இறந்தவர். சேதி உடனே வந்துவிட்டது, உடம்பு வர மாசக்கணக்கானது. அது வரை அவன் அம்மா வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஓடுவாளாம்.

"எங்கம்மாவப் பாத்தவண்ணே நா. அக்காவையும் அப்படிப் பாக்க முடியாது" என்றான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. நான் பாத்துக்கிறேன்" என்றேன். சொல்லும்போதுதான் மேலே இருக்கிற வாத்தியாரின் ஞாபகம் வந்தது. அவர் நம்பர் அந்தம்மாவிடம் இருக்கிறது. இருவரும் மாடிப்படி ஏறினோம்.

வாத்தியாருக்குக் காலையிலேயே சேதி தெரியும். சோலைமுத்துவின் பலகைக்கு முன்னால் அதே பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்தார். வீரபாண்டி சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார். அவன் கும்பிட்டுவிட்டு டூட்டிக்கு ஓடினான், போர்மேன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"நானாப் போயிச் சொல்ல மாட்டேன் பாய்" என்றார் வாத்தியார். "ஆனா கட்டத்த அப்படியே வைக்க முடியாது."

எனக்கு வந்ததே கோபம். "என்ன பேசுறீங்க? ஆளு மார்ச்சுவரில கெடக்கு, உங்களுக்குப் படம் முக்கியமா? கண்காட்சிக்கு வட்டம் வேணுமோ?"

"கண்காட்சிய விடும்." அவர் குரல் உயரவில்லை. "நாப்பது வருஷமா எழுதியிருக்கேன், பேசியிருக்கேன். என் ஆராய்ச்சியத் திருத்துனவன்கூட என் படத்தப் படிச்சதில்ல, பார்த்தான், போயிட்டான். இந்தப் படத்த ஒரு எழுத்து மாதிரி வாசிச்சது அந்தம்மா ஒருத்திதான். சதுரம்னா உசுருன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப அதே சதுரத்த வச்சு அவளை ஏமாத்தச் சொல்லுதீரா?"

"அவ கேக்கவா போறா?"

"கேப்பா."

"கேட்டா நெட் சரியில்லன்னு சொல்லுங்க. வாத்தியாரே, நீங்க படத்துக்கு உண்மையா இருங்க, வேணாங்கல. மனுசங்களுக்குக் கொஞ்சம் பொய் வேண்டியிருக்கு."

அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் படிகளில் தடதடவென்று இறங்கிவிட்டேன். மரத்தை விட முரட்டு மனுஷன் என்று கடைப் பையன்கள் காதில் விழும்படியே திட்டினேன்.

மறுநாள் முழுக்கத் தூதரகத்தில். அதற்கு மறுநாள் நாலு மணி வாக்கில்தான் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஏறினேன். கோபம் கோபம்தான், பட்டினி போட முடியுமா? போனால், தரையெல்லாம் நீலப் பொடி. கத்தியை வைத்து அந்தச் சதுரத்தைச் சுரண்டி எடுத்திருந்தார். சோலைமுத்துவின் முகம் அப்படியே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தங்கம். தலைக்குப் பின்னால் மட்டும் அடிப்பூச்சின் சுண்ணாம்பு வெள்ளை. சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை.

"வட்டம் போடக் கை வரல பாய்" என்றார். நீலப் பொடியைக் காலால் ஒதுக்கினார். "சுரண்டிட்டேன். அதுக்கு மேல வரல."

சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் போன் அடித்தது. போட்டிம். திரையில் நாகவள்ளி என்று இருந்தது.

"எடுக்காதீங்க" என்றேன். அது அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. "எங்கிட்ட போன மாசம் எடுத்த போட்டோ இருக்கு வாத்தியாரே. கட்டத்தோட. அத அனுப்பிருவோம். பெட்டி போற வரைக்கும் தாங்கும்."

நான் என் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். வாங்கி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன், கை என் பக்கம் வரவும் செய்தது. பிறகு தன் போனை எடுத்துப் பச்சையை அழுத்தினார்.

நாகவள்ளி திரையில் வந்தாள். நன்றாகத் தலை வாரி, முகத்தில் பவுடர் போட்டு, நெற்றியில் பெரிய பொட்டு, தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும். விசேஷ வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். பின்னால் இரண்டு மூன்று பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யாரும் போனைப் பார்க்கவில்லை.

"சாரு, நல்லாருக்கீகளா?"

"இருக்கேம்மா."

"அவுகளுக்கு எப்படி இருக்குன்னு நா கேக்கல. தம்பி சொல்லிட்டான். ஐசியூன்னான்." அவள் குரலில் அழுகை இல்லை. "படத்த மட்டும் ஒருக்காக் காட்டுங்க."

நான் கையை ஆட்டினேன், வேண்டாம் என்று. என் போனை மறுபடி நீட்டினேன். வாத்தியார் என் போனைப் பார்த்தார்.

"போட்டோ வேணும்னா அனுப்பட்டுமாம்மா?"

"போட்டோ வேணாம் சாரு. இப்ப இருக்கதக் காட்டுங்க. நீங்க சொல்லிக் குடுத்தத நா நம்பியிருக்கேன்."

இந்த ஆள் உடைந்துவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தார். போனைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்னொரு தடவை தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவர் மெதுவாகப் போனைத் திருப்பிப் பலகைக்கு நேரே காட்டினார். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஊரில் எங்கேயோ ஒரு சேவல் கூவியது போனில் கேட்டது. எங்கள் பக்கம் ஏசி ஓடியது.

"கிட்டக்க கொண்டு போங்க சாரு."

கொண்டு போனார்.

"சுரண்டியிருக்கீக."

"ஆமாம்மா."

"எப்ப?"

"நேத்து."

"ஐசியூன்னு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும் சாரு. எங்க தெருவுல ஐசியூன்னு சொல்லி எந்த ஆம்பளையும் நடந்து வந்ததில்ல. இவுக எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும்னு இவுகளுக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்கிறாக. நா அழப் போனா, எதுக்கு அபசகுனமா அழுகுறங்கிறாக. காலையில எந்திரிச்சதும் தலசீவிப் பூ வச்சு விட்டுர்றாக." தலையில் இருந்த பூவைத் தொட்டுக் காட்டினாள். "பெத்த புள்ள முன்னால சிரிக்க வேண்டியிருக்கு சாரு."

வாத்தியார் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். மூக்குக்கண்ணாடிக்குக் கீழே நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"அப்ப இந்தப் பூவ நா எடுத்துரவா சாரு?"

கிரேக்கமும் இங்கிலீஷும் தமிழும் தெரிந்த மனுஷன், இரண்டு புத்தகம் எழுதியவர், ஒரு சொல்லுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில், "எடுத்துரும்மா" என்றார்.

அவள் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனதுதான் நான் பார்த்தது. போன் கீழே விழுந்து திரையில் ஓட்டுக்கூரை தெரிந்தது. பிறகு அந்த அழுகை வந்தது. சுவரோரம் இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், அதற்காகவே காத்திருந்தவர்கள் போல. எத்தனையோ பெட்டிகளை நான் இங்கிருந்து ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கார்கோ ரசீதை வாங்கிப் பையில் போட்டதும் என் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே என்ன நடக்கும் என்று தெரியும், ஆனால் காதால் கேட்டதில்லை. நான் அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னா லில்லாஹி என்று வாய் சொன்னது. மனசு சோலைமுத்துவின் பெயரைச் சொன்னது.

வாத்தியார் போனை வைக்கவில்லை. அந்த ஓட்டுக்கூரையைப் பார்த்தபடியே நின்றார். வெகு நேரம் கழித்துப் போனை யாரோ எடுத்தார்கள். நாகவள்ளிதான். பொட்டு கலைந்து நெற்றியெல்லாம் சிவப்பாக இருந்தது. பூ இல்லை. முகம் வீங்கியிருந்தது, ஆனால் முதலில் பார்த்த முகத்தைவிட இதுதான் மனுஷ முகமாக இருந்தது.

"பக்கத்துல சுஐபு அண்ணன் இருக்காகளா?"

"இருக்கேம்மா" என்று எழுந்து போய் நின்றேன். இனி என்னைக் கேட்கப் போகிறாள், நீங்களும் சேர்ந்துதானே மறைத்தீர்கள் என்று. கேட்கட்டும் என்று நின்றேன்.

"அண்ணே, பெட்டி எப்ப வருமோ வரட்டும். நா எங்கம்மா மாதிரி வாசல்ல உக்கார மாட்டேன்னு தம்பிகிட்டச் சொல்லுங்க." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "தெனமும் போன் போட்டு, நல்லாருக்காகக்கா, கண்ணு முழிச்சாகக்கான்னு சிரிச்சு சிரிச்சுப் பேசுறான்ணே. பஸ்ஸுல மயங்கிக் கெடந்தவுகளத் தொட்டு எழுப்புனது நாந்தான்க்கான்னும் அவனே சொன்னான். எனக்காக அவன் இன்னும் அழுகாம இருக்கான். அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லி, அவனையும் அழச் சொல்லுங்கண்ணே."

நான் பிக்கப் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். டூட்டி முடிந்து கம்பெனி பஸ்கள் சோனாப்பூருக்குத் திரும்புகிற நேரம் அது.